மாரோவிண்டின் வழிகளா, ஸ்கைரிமின் அம்புக்குறியா?

இரண்டுமே பெதெஸ்டா நிறுவனம் உருவாக்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்கிற வீடியோ கேம் வரிசைதான். ஆனால் 2002-இல் வந்த மாரோவிண்டும் 2011-இல் வந்த ஸ்கைரிமும் விளையாடுபவரை நடத்தும் விதமே வேறு.

மாரோவிண்டில் ஒரு குகையைத் தேடிப் போகச் சொன்னால், பெரும்பாலும் எங்கே திரும்ப வேண்டும், எந்த ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று ஊர்க்காரர் வாயால் சொல்வதுதான் வழிகாட்டி. தூரப் பயணத்துக்கு சில்ட் ஸ்ட்ரைடர் என்கிற ராட்சதப் பூச்சி, படகு, மந்திரத்தால் வேறு ஊருக்கு அனுப்பும் மந்திரவாதிகள் சங்கம் எல்லாம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் சில ஊர்களுக்கு மட்டும்தான் போகும், அதனால் எங்கே மாறி ஏறுவது என்று யோசித்து யோசித்தே கதை நடக்கும் தீவு முழுக்க மனதில் பதிந்துவிடும். வசதி அங்கேயும் இருக்கிறது, ஆனால் விளையாட்டின் உலகத்துக்கு உள்ளேயே இருக்கிறது. குறையும் உண்டு: சில வழிக்குறிப்புகள் தெளிவே இல்லை, நாட்குறிப்பில் பழைய தகவலைத் தேடுவது பெரும் பாடு.

ஸ்கைரிமில் போக வேண்டிய இடத்தைக் காட்டத் திசைகாட்டியில் அம்புக்குறி, கண்டுபிடித்த இடத்துக்கு ஒரே சொடுக்கில் பயணம். வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு இது வரம், அதை யாரும் குறை சொல்லக் கூடாது. சரி, பிடிக்காவிட்டால் அணைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அங்கேதான் சிக்கல்: குறியை அணைத்துவிட்டால், விளையாட்டு கொடுக்கும் பல வேலைகளில் இடம் எங்கே என்று வசனம் சொல்வதே இல்லை. பிறகு வந்த சர்வைவல் மோட் (பசி, குளிர், களைப்பு எல்லாம் சமாளிக்க வேண்டிய கடின முறை) உடனடிப் பயணத்தை நிறுத்தியதும்தான் குதிரை வண்டிக்கே மதிப்பு வந்தது.

என் தேர்வு: பயணத்துக்கு மாரோவிண்ட், வேலைப் பட்டியலுக்கு ஸ்கைரிம்.