ஆங்பாண்ட் போர்க்: நீண்ட நாள் ஓட விட்டுப் பார்த்த அனுபவம்

ஆங்பாண்ட் என்ற கம்ப்யூட்டர் கேமை விளையாடும் பலருக்கும் ‘போர்க்’ என்ற தானியங்கி ஆட்டக்காரன் இருப்பது தெரியும். ஆனால் அதை ஒரு முறை ஓட விட்டு, பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டு மூடியவர்கள்தான் அதிகம். நான் அப்படி மூடவில்லை. சில வருஷமாகவே வேலை நேரத்தில் திரையின் ஓரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் செட்டிங் ஃபைலைப் பல விதமாக மாற்றிப் பார்த்தேன், பிறகு மூல நிரலிலும் கை வைத்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க் நன்றாக ஆட வேண்டுமென்றால், அது எதற்கு ஆசைப்பட வேண்டும் என்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். எதற்கு எவ்வளவு பயப்படுகிறது என்று பாருங்கள். மாற்றிப் பலன் கிடைப்பது அங்கேதான்.

கேமைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆங்பாண்ட் 1990-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கட்லர், ஆண்டி ஆஸ்ட்ரண்ட் இருவரும் தொடங்கியது. அதற்கு அடிப்படை, ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோனிகி எழுதிய மோரியா என்ற கேம். நாம் இறங்கிப் போகும் நிலத்தடி டன்ஜனில் ஒரு தளத்துக்கு 50 அடி. கடைசி எதிரிகள் இருவர்: 99-ஆம் தளத்தில் சாவ்ரான், 100-ஆம் தளத்தில், அதாவது 5000 அடியில், மோர்காத். சாவ்ரானைக் கொல்லாமல் மோர்காத்திடம் போக முடியாது. செத்தால் செத்ததுதான், பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பும் பேச்சே இல்லை. இப்படி ஒரு கேமை மனிதக் கை படாமல் ஆட ஒரு நிரலை முதலில் எழுதியவர் பென் ஹாரிசன். அந்தக் காலத்தில் கேமையே பராமரித்தவரும் அவர்தான். பின்னர் ஆண்ட்ரூ ஒயிட் பல வருஷம் அதை வளர்த்தார். ‘ஏ.பி.டபிள்யூ போர்க்’ என்று நாம் சொல்வது அதைத்தான். இப்போது ஆங்பாண்டின் 4.2 வரிசையின் மூல நிரலோடு அதுவும் சேர்ந்தே வருகிறது.

தொடங்குவது சுலபம். கன்ட்ரோல்-இசட் அழுத்தி, மறுபடி இசட் அழுத்தினால் ஓட ஆரம்பித்துவிடும். ஏதாவது ஒரு கீயைத் தொட்டால் நின்றுவிடும். முதல் தடவை, இது ஆபத்தான வசதி, சேவ் ஃபைல் கெட்டுப்போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். அதற்குச் சம்மதித்த கேரக்டர் உயர் மதிப்பெண் பட்டியலில் சேராது. அதனால் நீங்கள் ஆசையாக வளர்த்து வரும் கேரக்டரில் இதைத் தொடாதீர்கள், தனியாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்துக்கு ஹாஃப்-ட்ரோல் இனத்து வாரியர் நல்ல தேர்வு. ஹெச்.பி (உயிர்ப் புள்ளி) அதிகம், காயம் வேகமாக ஆறும், போர்க் எடுக்கிற முடிவுகளைப் புரிந்துகொள்ளவும் எளிது. ‘மேஜ்’ என்ற மந்திரவாதியை முதலில் எடுத்தால், மேல் தளங்களிலேயே அடுத்தடுத்து சாவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி அது எப்படி யோசிக்கிறது என்பதைப் பார்ப்போம். என்னைக் கட்டிப்போட்டது இந்தப் பகுதிதான்.

போர்க் ஒவ்வோர் அசைவுக்கு முன்பும், தான் நிற்கும் கட்டத்துக்கு ஓர் ‘ஆபத்து’ எண் கணக்கிடுகிறது. தான் பார்த்து நினைவில் வைத்திருக்கும் ஒவ்வொரு மான்ஸ்டரும் அந்தக் கட்டத்தில் தனக்கு எவ்வளவு சேதம் செய்ய முடியும்? கையால் அடித்தால் எவ்வளவு, மந்திரம் போட்டால் எவ்வளவு, நெருப்பு, விஷம் போன்ற மூச்சை ஊதினால் எவ்வளவு? வேகத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளும். சாதாரண வேகத்தில் இருக்கும் நம் மேல் +10 வேகமுள்ள ஒன்று வந்தால், நாம் ஓர் அடி வைப்பதற்குள் அதற்கு இரண்டு வாய்ப்பு. வந்த எண்ணைத் தன் கையிருப்பு ஹெச்.பியோடு ஒப்பிடுகிறது. தாங்கும் என்றால் சண்டை. தாங்காது என்றால் பின்வாங்கும், ஃபேஸ் டோர் (கொஞ்ச தூரம் தாவ வைக்கும் மந்திர ஸ்க்ரோல்) படிக்கும், போஷன் குடிக்கும், படிக்கட்டில் நின்றால் தளத்தையே மாற்றிவிடும். கேமுக்குள்ளேயே போர்க் கட்டளையில் ‘பி’ (p) கொடுத்தால் இந்த எண்ணை நாமும் பார்க்கலாம். போர்க் திடீரென்று ஓடும்போதெல்லாம் நிறுத்தி அதைப் பாருங்கள். காரணமில்லாமல் ஓடியது போலத் தெரிந்ததற்குப் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும்.

முதல் தளத்திலேயே பார்க்கக் கிடைக்கும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். ‘ஃப்ளோட்டிங் ஐ’ என்று ஒன்று உண்டு. இடத்தை விட்டு நகராது, சராசரி ஹெச்.பி வெறும் 11. ஆனால் அதன் பார்வை பட்டால் உடம்பு முடங்கிவிடும். பழைய பதிப்புகளில் புது ஆட்டக்காரர் பலர் ‘இது என்ன செய்துவிடும்’ என்று பக்கத்தில் போய் வெட்டி, முடங்கிய நிலையிலேயே செத்திருக்கிறார்கள். சேதக் கணக்கை மட்டும் பார்த்தால் அந்தக் கண்ணுக்கு ஆபத்து எண் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். ஆனால் ‘ஃப்ரீ ஆக்‌ஷன்’ (உடம்பு முடங்காமல் காக்கும் திறன்) இல்லாத கேரக்டருக்கு, முடக்கும் தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் போர்க் கற்பனையாக ஒரு பெரிய சேதத்தைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் தள்ளி நின்று அம்பு விடும், எண்ணெய்க் குப்பி எறியும், இல்லையென்றால் சுற்றிப் போய்விடும். ஃப்ரீ ஆக்‌ஷன் தரும் மோதிரம் விரலில் ஏறிய பிறகு அதே கண்ணைப் பக்கத்தில் போய் வெட்டுகிறது. ‘முடங்கினால் செத்தோம்’ என்று அனுபவசாலி மனசில் வைத்திருப்பதை இப்படி ஓர் எண்ணாக மாற்றி வைத்திருப்பது எனக்கு அபாரமாகப் படுகிறது.

டிராகன்களிடமும் இதே அழகு. மூச்சுத் தாக்குதலின் பலம் அந்த மான்ஸ்டரின் அப்போதைய ஹெச்.பியைப் பொறுத்தது. ஆகவே தூரத்திலிருந்து அம்பு விட்டுக் குறைக்கக் குறைக்க ஆபத்து எண்ணும் இறங்கும். முதலில் ஓடிய போர்க் பாதிச் சண்டையில் துணிந்து திரும்பி வருவது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அடித்தால், அந்தப் பகுதிக்கே ஒரு பயத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு அங்கிருந்து விலகிவிடும். பேய்களால் சுவருக்குள்ளிருந்து அடி வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது தூண், தயாரிப்புப் பட்டியல். எந்த ஆழத்துக்குப் போக என்னென்ன இருக்க வேண்டும் என்று போர்க்கிடம் ஒரு கணக்கு உண்டு. மேலே வெளிச்சமும் உணவும் போதும். கொஞ்சம் இறங்கினால் காயம் ஆற்றும் போஷன், ஊருக்குத் திரும்ப ‘வேர்ட் ஆஃப் ரீகால்’. 20-ஆம் தளத்தை ஒட்டி ஃப்ரீ ஆக்‌ஷன். அதற்குப் பிறகு அமிலம், மின்னல், நெருப்பு, குளிர் நான்குக்கும் எதிர்ப்பு. இன்னும் ஆழத்தில் வேகமும் ஹீலிங் போஷனும். ஒன்று குறைந்தாலும் கீழே இறங்காது, ஏற்கெனவே கீழே இருந்தால் மேலே ஏறப் பார்க்கும். போர்க் கட்டளையில் ‘2’ அழுத்தினால் அடுத்த ஆழத்துக்கு இப்போது எது தடையாக இருக்கிறது என்று காட்டும். ஒரே ஆழத்தில் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் ஒரே ஒரு எதிர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

செட்டிங் எல்லாம் ‘போர்க்’ என்ற பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. எந்த எடிட்டரிலும் திறக்கலாம். மாற்றி சேவ் செய்துவிட்டு, கேமை மூடாமலே டாலர் குறி கட்டளையால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் நான் இவ்வளவு தூரம் சோதித்திருக்கவே மாட்டேன்.

எல்லோரும் முதலில் தொடுவது ‘வொர்ஷிப்ஸ்’ வரிசை. சேதம், வேகம், ஹெச்.பி, மானா (மந்திர சக்தி), ஏ.சி (கவசத்தின் பலம்) என்று எதற்கு முன்னுரிமை என்று சொல்லலாம். ஆயுதம், கவசம் தேர்ந்தெடுக்கும்போது போர்க் ஒவ்வொரு பொருளையும் போட்டுப் பார்த்து, மொத்தத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. இந்த வரிசை அந்த மதிப்பெண்ணின் எடைகளைத்தான் மாற்றுகிறது. வேகத்தை ஆன் செய்வது பெரும்பாலும் நல்லதே. ஆழத்தில் உயிரைக் காப்பது அதுதான். சேதத்தை ஆன் செய்தால் மேல் தளங்களில் சண்டை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு தேவையான எதிர்ப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வாளைத் தூக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். பிறகு அதே எதிர்ப்பு இல்லை என்று தயாரிப்புப் பட்டியல் தடுக்க, இறங்காமல் நிற்கும். ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது, பயம் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டு மூன்று வொர்ஷிப்களைச் சேர்த்து ஆன் செய்து ஓட்டிய கேரக்டர்களைவிட, எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஓட்டியவை சீராக இறங்கின என்பதே என் அனுபவம்.

‘ப்ளேஸ் ரிஸ்கி’ வேறு ரகம். எவ்வளவு ஆபத்து வரை தாங்கிக்கொள்ளலாம் என்ற வரம்பையே அது உயர்த்துகிறது. ஆட்டத்தின் குணமே மாறிவிடும். ஹாஃப்-ட்ரோல் வாரியருக்கு 30-ஆம் தளத்துக்கு மேலே இதைத் தாராளமாக ஆன் செய்யலாம். குகை ஓர்க் கூட்டம் வந்தால்கூட நின்று வெட்டி அனுபவம் சேர்க்கும். அதற்குக் கீழே ஆஃப் செய்துவிடுங்கள். ஆழத்தில் ஒரே மூச்சில் முழு ஹெச்.பியும் போகக்கூடிய இடங்கள் உண்டு. மேஜுக்கு எந்த ஆழத்திலும் இது வேண்டாம்.

‘யூசஸ் ஸ்வாப்ஸ்’ எப்போதும் ஆனில் இருக்கட்டும். நெருப்புக்கு ஒன்று, தீய பிராணிகளுக்கு ஒன்று என்று மாற்று ஆயுதம், கவசம் தூக்கிக்கொண்டு போகும். பையில் இடம் பிடிக்கும், ஆனாலும் வேண்டும். வீட்டில் சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்து ஒப்பிடும் ‘ஸ்லோ ஆப்டிமைஸ் ஹோம்’ பேருக்கேற்ப மெதுவானது. ஊரில் ரொம்ப நேரம் நிற்பது போலத் தெரியும், உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். வேடிக்கை பார்க்க வேண்டுமானால் ‘டிலே ஃபேக்டர்’ கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண் தொடர முடியாத வேகத்தில் ஓடும். குறிப்பிட்ட தளத்திலோ கேரக்டர் லெவலிலோ தானாக நிற்கச் சொல்லலாம். கேரக்டர் லெவல் 50-க்கு மேல் போகாது என்பதால், அதைவிடப் பெரிய எண் கொடுத்தால் நிற்கவே நிற்காது. செத்ததும் தானாகப் புதுக் கேரக்டர் பிறந்து தொடரும் வசதியும் உண்டு. விண்டோஸில் ஒரு காலத்தில் இதை ஸ்க்ரீன்சேவராகவே வைத்திருந்தார்கள்.

ஃபைலில் முடியாததற்கு மூல நிரல்தான் வழி. சி மொழி ஓரளவு தெரிந்தால் போதும். பழைய பதிப்பில் போர்க் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட ஃபைல்களில் இருந்தது. நான் மாற்றியது இரண்டே இடம்: தயாரிப்புப் பட்டியலும் ஆபத்துக் கணக்கும். பட்டியலில் விஷ எதிர்ப்பு கேட்கும் தளத்தைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்தேன், விஷ மூச்சு விடும் கூட்டங்களிடம் சாவது கண்ணெதிரே குறைந்தது. ஆபத்துக் கணக்கில், முடக்குவதற்குக் கொடுப்பது போலவே குழப்பம் உண்டாக்கும் தாக்குதலுக்கும் கற்பனைச் சேதத்தைக் கூட்டினேன். குழம்பிய நிலையில் ஸ்க்ரோல் படிக்க முடியாது, அதாவது தப்பிக்கும் வழியில் பாதி அடைபடும். அந்த மாற்றத்துக்குப் பிறகு வாரியரின் ஆட்டத்தில் ஒரு நிதானம் வந்தது. இரண்டும் சேர்ந்து சில வரிகள்தான். வொர்ஷிப் வரிசையில் எந்த மாற்றமும் இந்த அளவு வித்தியாசம் காட்டவில்லை.

குறைகளும் இருக்கின்றன. சில நேரம் இரண்டு கட்டங்களுக்கிடையே முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டே இருக்கும். ஒரு பொருளை எடுக்க ஓர் அடி வைக்கும், ஆபத்து எண் கூடும், பின்வாங்கும், எண் குறையும், மறுபடி முன்னே போகும். கையால் ஒரு நகர்வு செய்துவிட்டுத் திரும்ப ஓட விட்டால் சரியாகிவிடும். 4.2-ல் வந்த புது வகுப்புகளில் (வாரியர், மேஜ் போன்ற கேரக்டர் வகைகளில்) அதன் ஆட்டம் வாரியர் அளவுக்குக் கைவரவில்லை. குறிப்பாக நெக்ரோமேன்சர் விளக்கில்லாமல் இருட்டில் ஆட வேண்டிய வகுப்பு, போர்க்கின் பழைய அறிவோ முதலில் வெளிச்சத்தைத் தேடுவது. இரண்டும் ஒத்துப்போவது கஷ்டம்.

எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான கேரக்டர்கள் பாதிக் கிணறுகூடத் தாண்டாது. தாண்டுகிற ஒன்றைப் பார்க்கும்போதுதான் ஆண்ட்ரூ ஒயிட்டின் உழைப்பு தெரியும். கடைசிச் சண்டைக்காக உயர்ந்த ஹீலிங் போஷன்களை வழியில் குடிக்காமல் வீட்டில் சேர்த்து வைக்கும். மோர்காத்துக்காகப் பாதுகாப்பு ரூன்களை (மந்திரக் குறிகளை) சுற்றிலும் பரப்பி, நடுவில் நின்று சண்டை போடத் தனியாக ஒரு திட்டமே எழுதப்பட்டிருக்கிறது. கார்னெகி மெலன் மாணவர்கள் எழுதிய ‘ரோக்-ஓ-மேட்டிக்’ என்ற தானியங்கி நிரல் 1984-ல் ‘ரோக்’ என்ற பழைய டன்ஜன் கேமை முழுசாக வென்றது. அந்த வழியில் வந்த நிரல்களில் நான் இவ்வளவு முன்யோசனையைப் பார்த்தது போர்க்கிடம்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். வாரியர், எல்லா வொர்ஷிப்பும் ஆஃப், ஸ்வாப்ஸ் ஆன், ரிஸ்கி ஆஃப். செய்திகளுக்குத் தனி ஜன்னல் ஒன்று திறந்து வையுங்கள். ‘எல்’ கட்டளையால் லாக் ஃபைலையும் ஆன் செய்துவிடுங்கள். கேரக்டர் செத்ததும் லாகின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். அந்த நேரத்தில் ஆபத்து எண் குறைவாக இருந்து செத்திருந்தால் போர்க்குக்குத் தெரியாத தாக்குதல் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், அதை நிரலில் தேடுங்கள். எண் அதிகமாக இருந்தும் செத்திருந்தால் தப்பிக்கும் பொருள் கையில் இல்லை, தயாரிப்புப் பட்டியலில் ஃபேஸ் டோர், போஷன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பதிப்பு மாறும்போது பழைய செட்டிங் ஃபைலை அப்படியே தூக்கிப் போடாமல், புதுசோடு வரும் ஃபைலில் உங்கள் மாற்றங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அமைப்புகளின் பெயரும் பொருளும் இடையில் மாறியிருக்கக்கூடும்.