பவர் பிஐ கேட்வே கிளஸ்டர்: பாரத்தைப் பிரிக்கிறதா, பாவ்லா காட்டுகிறதா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். கம்பெனி நெட்வொர்க்குக்குள் பூட்டிக் கிடக்கும் எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸ்கள், ஷேர் டிரைவில் கிடக்கும் எக்செல் என்று எல்லாவற்றையும் பவர் பிஐ என்ற கிளவுட் ரிப்போர்ட் சேவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மைக்ரோசாஃப்டின் ஆன்-பிரெமிசஸ் டேட்டா கேட்வே நல்ல சாஃப்ட்வேர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொரு சர்வரில் இதை நிறுவிக் கிளஸ்டரில் (ஒரே கேட்வேயாக இயங்கும் மெஷின்களின் கூட்டம்) சேர்த்துவிட்டால், ரிப்போர்ட்டுகளுக்குப் புது டேட்டா இழுக்கும் காலை ரெஃப்ரெஷ் நெரிசல் தானாகப் பாதியாகிவிடும் என்ற நம்பிக்கையில் புது மெஷினுக்குப் பணம் கேட்டு மேலதிகாரிக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அனுப்பும் முன் மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

இதன் மிகப் பெரிய பலம் நெட்வொர்க் டீமோடு சண்டை போட வேண்டியதில்லை என்பது. கேட்வே உள்ளே இருந்து வெளியே போகிற இணைப்பை மட்டுமே பயன்படுத்துகிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரில் இருக்கும் அஸ்யூர் ரிலே என்ற இடைத்தரகரிடம் போய்க் காத்திருந்து, பவர் பிஐ கேட்கும்போது உள்ளே இருக்கும் டேட்டாபேஸிடம் கேட்டு எடுத்து அனுப்புகிறது. வெளியிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். காசும் கிடையாது, டவுன்லோடு செய்து போட்டுக்கொள்ளலாம், செலவெல்லாம் பவர் பிஐ லைசென்ஸுக்கும் சர்வருக்கும்தான். நிறுவும்போது பர்சனல் மோடு என்று ஒன்றைக் காட்டும். அது ஒரே ஆளுக்கானது, கிளஸ்டர் ஆகாது, அலுவலக வேலைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, கிளஸ்டர் விஷயத்துக்கு வருவோம். முதல் கேட்வேயை நிறுவும்போது கொடுத்த ரெகவரி கீ (மீட்புக் கடவுச்சொல்) கையில் இருந்தால் இரண்டாவது மெஷினைச் சேர்ப்பது சில நிமிட வேலை. (அந்தக் கீயை எங்கே எழுதி வைத்தோம் என்று தேடுவது சில நாள் வேலை, அது தனிக்கதை.) சேர்த்ததும் இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், இல்லை. இயல்பாக எல்லா வேலையும் பிரைமரி மெஷினுக்கே போகும், அது படுத்துவிட்டால்தான் அடுத்தது எழுந்து வரும். பங்கு போட வேண்டுமென்றால் கிளஸ்டர் செட்டிங்ஸுக்குப் போய், வேலையை எல்லா மெஷின்களுக்கும் பகிர்ந்தளிக்கச் சொல்லும் பெட்டியை நாமே டிக் செய்ய வேண்டும். இந்த ஒரு டிக் இல்லாமல் இரண்டாவது சர்வர் மின்சாரத்தை மட்டும் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் கிளஸ்டர்கள் நிறைய இருக்கும் என்பது என் யூகம்.

டிக் செய்தாலும் எந்த வேலை எந்த மெஷினுக்குப் போகும் என்பது குருட்டாம்போக்குதான், அதாவது ரேண்டம். ஒரு மெஷின் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறதா, இன்னொன்று கொட்டாவி விடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வைக்கலாம், அதற்குக் கான்ஃபிக் கோப்பில் சிபியுவுக்கும் மெமரிக்கும் சதவீத வரம்பு கொடுக்க வேண்டும். இயல்பில் அந்த எண் 0, அதாவது வரம்பே இல்லை. 80 என்று கொடுத்தால், அந்த அளவைத் தொட்ட மெஷினை விட்டுவிட்டு வேறொன்றிடம் வேலை போகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு: கிளஸ்டரில் இருக்கும் எல்லா மெஷினும் வரம்பைத் தாண்டிவிட்டால் வேலை வரிசையில் நின்று காத்திருக்காது, நேராகத் தோல்வியில் முடியும். மெதுவாகவாவது ஓடி முடிந்துகொண்டிருந்த ரெஃப்ரெஷ், நீங்கள் நல்லது செய்கிறேன் என்று வைத்த வரம்பால் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். இரண்டே மெஷின் உள்ள கிளஸ்டரில் இந்த வரம்பை ரொம்ப இறுக்கமாக வைப்பது வேலைக்காகாது என்பது என் கருத்து. அப்புறம், இந்தக் கான்ஃபிக்கை ஒவ்வொரு மெஷினாகப் போய்த்தான் மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் மாற்ற ஒரு திரை வைத்திருந்தால் இன்னொரு நட்சத்திரம் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

இதைவிட முக்கியமான விஷயம், பாரம் என்பது எங்கிருந்து வருகிறது என்பது. இம்போர்ட் ரெஃப்ரெஷில், அதாவது டேட்டாவைப் பிரதி எடுத்துப் பவர் பிஐக்குள் வைக்கும் முறையில், பவர் குவெரி என்ற டேட்டா சீர்செய்யும் கருவியில் நாம் எழுதிவைத்த ஜாயின், குரூப், பில்டர் எல்லாம் முடிந்தவரை டேட்டாபேஸுக்கே எஸ்க்யூஎல்லாக மாற்றி அனுப்பப்படும், இதைத்தான் குவெரி ஃபோல்டிங் என்கிறார்கள். அப்படி மாற்ற முடியாத வேலை, உதாரணத்துக்கு ஒரு எக்செல்லையும் ஒரு ஆரக்கிள் டேபிளையும் சேர்ப்பது, கேட்வே மெஷினின் தலையில்தான் விழும். இப்படி ஒரே ஒரு பூதாகரமான குவெரி இருந்தால் அதைத் துண்டு போட்டு மூன்று மெஷினுக்குப் பிரித்துக் கொடுக்க இந்தக் கிளஸ்டரால் முடியாது. அது பிரிப்பது வேலைகளின் எண்ணிக்கையை, எடையை இல்லை. கல்யாணப் பந்தியில் இலை எத்தனை என்று மட்டும் எண்ணிப் பரிமாற ஆள் பிரித்து விடுவது மாதிரி, எந்த இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. அதனால் சர்வர் வாங்கும் காசுக்கு முன்னால் ஃபோல்டிங் எங்கே உடைகிறது என்று பார்ப்பதும், பெரிய டேபிள்களுக்கு இன்கிரிமென்டல் ரெஃப்ரெஷ் (புதிய பகுதியை மட்டும் இழுப்பது) போடுவதும்தான் உண்மையான பாரக் குறைப்பு.

அடுத்தது நேரம். ப்ரோ லைசென்ஸில் ஒரு மாடலுக்கு (ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டேட்டா தொகுப்பு) நாளைக்கு 8 ரெஃப்ரெஷ், பிரீமியத்தில் 48 என்று அட்டவணை போடலாம், அரை மணிக்கு ஒரு இடம். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒன்பது மணி மீட்டிங்குக்குத் தயாராக இருக்கட்டும் என்று ஆளாளுக்கு எட்டு மணியை வைப்பார்கள். விற்பனை, ஸ்டாக், ஹெச்ஆர், கணக்கு எல்லாம் எட்டுக்கு ஒன்றாக வந்து மோதும், ஒன்பதுக்கு மேல் சர்வர் ஈயோட்டும். எட்டு என்று போட்டால் டாண் என்று எட்டுக்குத் தொடங்கும் என்ற உறுதியும் இல்லை, கால் மணி நேரத்துக்குள் தொடங்கப் பார்ப்போம், ஒரு மணி நேரம் வரைகூடத் தள்ளிப்போகலாம் என்றுதான் மைக்ரோசாஃப்டே சொல்கிறது. நடுராத்திரியில் ஓடினால் போதும் என்கிற ரிப்போர்ட் எது, நிஜமாகவே காலையில் புதிதாக இருக்க வேண்டியது எது என்று ஒரு முறை உட்கார்ந்து பிரித்துவிட்டால் பல இடங்களில் இரண்டாவது மெஷினின் தேவையே மறைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் யாருமே திறக்காத ரிப்போர்ட்டுகளின் ரெஃப்ரெஷை நிறுத்தியதே பாதி வியாதிக்கு மருந்தாகிவிட்டது.

டைரக்ட் குவெரி, அதாவது பிரதி எடுக்காமல் நேராக டேட்டாபேஸிடமே கேட்கும் முறை, வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே யாராவது ரிப்போர்ட்டைத் திறந்து ஒரு பட்டனைத் தொட்டாலே குவெரிகள் உடனுக்குடன் கேட்வே வழியாக ஓடும், அதே நேரத்தில் அதே மெஷினில் கனமான இம்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் மேனேஜர் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் இரண்டு தனிக் கிளஸ்டர் வையுங்கள். கூடுதல் மெஷினுக்குச் செலவு செய்வதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் ஒன்றுதான் இருக்கிறது: ஒரு மெஷின் படுத்தாலும் வேலை நிற்காது என்பது.

கிளஸ்டர் போட்டபின் ரெஃப்ரெஷ் சில நாள் ஓடுகிறது, சில நாள் விழுகிறது என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிரைவர், அதாவது டேட்டாபேஸோடு பேச உதவும் சாஃப்ட்வேர். டேட்டா சோர்ஸை ஒரு முறை கொடுத்தால் கிளஸ்டர் முழுக்கச் செல்லும், ஆனால் ஆரக்கிள் கிளையண்டும் ஓடிபிசி டிரைவரும் ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால், ரேண்டமாக எந்த மெஷின் வாய்க்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் ராசி. கோப்புகளும் அப்படித்தான், முதல் மெஷினின் சி டிரைவில் இருக்கும் எக்செல் இரண்டாவது மெஷினுக்குத் தெரியாது, நெட்வொர்க் ஷேர் பாதையாகக் கொடுங்கள். செத்துக் கிடக்கும் மெஷினைப் பட்டியலில் அப்படியே விட்டு வைப்பதும் தப்பு, அது வேகத்தைக் கெடுக்கும், நீக்குங்கள் அல்லது முடக்குங்கள்.

ஹார்டுவேர் என்று பார்த்தால் 8 கோர் சிபியு, 8 ஜிபி மெமரி என்பது மைக்ரோசாஃப்ட் பரிந்துரை, நிஜத்தில் மெமரியைத் தாராளமாகவே கொடுங்கள். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், ஏனென்றால் கேட்வே டேட்டாவை அனுப்புவதற்கு முன் டிஸ்கில் கொட்டி வைத்துத்தான் அனுப்பும். டொமைன் கன்ட்ரோலரில் (நெட்வொர்க் லாகின்களைக் கவனிக்கும் சர்வர்) போட முடியாது, தூங்கிவிடும் லேப்டாப்பில் போடவே கூடாது. மாதாமாதம் அப்டேட் வரும், கடைசி ஆறு வெளியீடுகளுக்குத்தான் சப்போர்ட், ஆக வருஷத்துக்கு இரண்டு முறையாவது கை வைத்தாக வேண்டும். அப்டேட் செய்யும்போதுதான் கிளஸ்டரின் அருமை தெரியும்: ஒரு மெஷினை முடக்கி, ஓடும் வேலைகள் வடிய அரை மணி நேரம் விட்டு, அப்டேட் செய்து, திரும்ப இயக்கி, அடுத்ததுக்குப் போகலாம், யாருக்கும் தெரியாது.

போட்டியாளர் பக்கமும் ஒரு பார்வை. டாப்லோ கிளவுடுக்கு டாப்லோ பிரிட்ஜ் என்று இதே வேலையைச் செய்யும் கிளையண்ட் இருக்கிறது. அங்கே கிளையண்டுகளைப் பூல்களாகப் பிரித்து, எந்த நெட்வொர்க் முகவரிக்கு எந்தப் பூல் என்று எழுதி வைக்க முடியும், அதனால் இரண்டு ஊரில் இரண்டு தனி நெட்வொர்க் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வேலை தப்பான இடத்துக்குப் போகும் பயம் இல்லை. ஒரு கிளையண்ட் ஒரே நேரத்தில் எத்தனை ரெஃப்ரெஷ் செய்யலாம் என்பதற்கும் எண் உண்டு, இயல்பாக 10. லினக்ஸ் கன்டெய்னரிலும் ஓடும், மைக்ரோசாஃப்ட் கேட்வேக்கு விண்டோஸ் மட்டுமே கதி. இந்த விஷயங்களில் பிரிட்ஜ் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்வேக்காக மட்டும் பவர் பிஐயை விட்டு யாரும் டாப்லோவுக்கு மாறப் போவதில்லை, லைசென்ஸ் விலை அதற்கு விடாது.

டேட்டா எல்லாம் அஸ்யூரின் தனி நெட்வொர்க்குக்குள் மட்டுமே இருக்கிறது, பிரீமியமோ ஃபேப்ரிக் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டா தளமோ ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் விர்ச்சுவல் நெட்வொர்க் டேட்டா கேட்வே என்பதைப் பாருங்கள். மெஷினையே மைக்ரோசாஃப்ட் பார்த்துக்கொள்கிறது, அப்டேட் தலைவலியும் இல்லை. அலுவலகத்து ரேக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்குப் பழைய கேட்வேதான், ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அந்த ரேண்டம் புத்தியை இயல்பிலேயே மாற்றினால் நாலரை.