அடுக்குத் தேனீயா, கொசுத்தேனீயா?

மார்த்தாண்டம் பக்கம் பத்து சென்ட் இருந்தாலே தேன்பெட்டி ஆசை வந்துவிடும். பல அடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயா, கொசுபோல் சின்னதான கொசுத்தேனீயா, எதை வைப்பது?

தேன்: அடுக்குத் தேனீ கிலோக்கணக்கில் தரும். கொசுத்தேனீ அரைக் கிலோ தந்தாலே பெரிது. ஆனால் விலை பல மடங்கு.

ரப்பர் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அடுக்குத் தேனீக்குக் கொண்டாட்டம். அந்தத் தேன் பூவில் அல்ல, இலைக்காம்பில் சுரப்பது. சொன்னால் பலர் நம்புவதில்லை.

பராமரிப்பு: அடுக்குத் தேனீக்கு மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு, அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி வராமல் கவனிப்பு எல்லாம் வேண்டும். நோய் பயமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியக் கூடுகளை வாரிக்கொண்டு போனது. கொசுத்தேனீக்கு மூங்கில் குழாயோ மண்பானையோ போதும்.

கொட்டு: அடுக்குத் தேனீ கொட்டும். கொசுத்தேனீ கொட்டாது, தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான்.

மகரந்தச் சேர்க்கை: அடுக்குத் தேனீ தொலைவு பறக்கும், தென்னந்தோப்புக்கு ஏற்றது. கொசுத்தேனீ வீட்டைச் சுற்றியே மேயும், சின்னப் பூவுக்குள்ளும் நுழையும்.

ரப்பர் தோட்டம் அருகில் இருந்து, தேன் விற்க நினைத்தால் அடுக்குத் தேனீ. பாகலும் வெள்ளரியும் நன்றாகக் காய்த்தால் போதும், முற்றத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்றால் கொசுத்தேனீ. என் வீட்டில் இரண்டாவதுதான்.