கரண்ட் வந்ததும் 12:00: கடலோர வீட்டுக்கு எந்தக் கடிகாரம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை. மிக்ஸி, ஃபேன், செட்டாப் பாக்ஸ், எப்போதாவது படகிலிருந்து ஒரு ஜிபிஎஸ் கருவி. பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி மாலை 5 மணிக்குக் கொடுப்பார்கள் அல்லவா, அதற்கு மறுநாள் கடையில் கேட்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, மணி தப்பா காட்டுதுண்ணே." சாதனத்தில் பழுது ஒன்றும் இருக்காது. கரண்ட் போன நேரத்தில் மணியை மறந்திருக்கும், அவ்வளவுதான்.

புதுக் கடிகாரம் வாங்க யோசனை கேட்கிறவர்களிடம் நான் முதலில் பேசுவது துல்லியத்தைப் பற்றி அல்ல. கரண்ட் இல்லாதபோது இது என்ன செய்யும், நேரம் தெரியாமல் போனால் அதை ஒத்துக்கொள்ளுமா என்ற இரண்டைத்தான் பார்க்கச் சொல்வேன். இரண்டாவது எவ்வளவு முக்கியம் என்பது என் மச்சானுக்குத் தெரியும்.

பாம்பனில் அக்கா வீடு கடலுக்குப் பக்கத்தில். மச்சான் வள்ளத்தில் போகிறவர், மூன்று மணிக்கு எழ வேண்டும். சிவப்பு எழுத்தில் மணி காட்டும் பிளக் கடிகாரம் ஒன்றை வாங்கித் தலைமாட்டில் வைத்திருந்தார். ஒருநாள் நடுராத்திரி போன கரண்ட் 1:40க்கு வந்திருக்கிறது. கடிகாரம் 12:00 என்று புதிதாகத் தொடங்கி, ஒருமுறைகூட மின்னாமல், சாதுவாக ஓடியிருக்கிறது. அலாரத்தை மட்டும் அது மறக்கவில்லை. அதன் கணக்கில் மூன்று மணியானதும் அடித்தது. உண்மையில் அப்போது 4:40. வள்ளம் எப்போதோ போய்விட்டது. "மணியே தெரியலன்னா பேசாம நிக்க வேண்டியதுதானடா" என்றார் மச்சான். 12:00 என்று மின்னிக்கொண்டே இருக்கும் கடிகாரத்தை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன், அது உண்மையைச் சொல்கிறது.

அந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பட்டன் செல் இருந்தது, செல்லிலும் 3 வோல்ட் சரியாக இருந்தது. ஆனால் செல்லைத் தாங்கும் தகட்டில், நகத்தால் சுரண்டினால் உதிர்கிற மாதிரி, பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று வேலை. செல் இருந்தும் இல்லாத கதை. பென்சில் ரப்பரால் தகட்டைத் தேய்த்து, செல்லைத் துணியால் பிடித்துத் துடைத்துப் போட்டேன். சரியாகிவிட்டது. பட்டன் செல் உள்ள எதை வாங்கினாலும் நம் கரையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

கரண்டின் அலையையே எண்ணி ஓடும் கடிகாரம் ஒரு வகை. நம் கரண்ட் திசை மாறி மாறி, வினாடிக்கு 50 அலையாக வருகிறது. 50 எண்ணினால் ஒரு வினாடி. சில ஓவன்களிலும் பழைய பிளக் கடிகாரங்களிலும் இந்த ஏற்பாடுதான். ஆனால் மின்தொகுப்பு எப்போதும் சரியாக 50ல் நிற்பதில்லை. இந்தியாவில் அனுமதித்த எல்லை 49.90 முதல் 50.05 வரை. 49.90லேயே ஒரு மணி நேரம் ஓடினால் கடிகாரம் 7 வினாடி பின்தங்கும். 2018 தொடக்கத்தில் கொசோவோ, செர்பியா பக்கத்து மின்சாரத் தகராறில் ஐரோப்பாவின் பல நாடுகளில் இந்த வகைக் கடிகாரங்கள் ஆறு நிமிடம் வரை பின்தங்கின. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கரண்ட் போனால் எண்ணுவதற்கு அலையே இல்லை. இன்வெர்ட்டரில் ஓட்டினால் அது போடும் அலைதான் கணக்கு, மலிவான இன்வெர்ட்டர் என்றால் அந்த அலையும் சுமார்தான். இந்த வகை வேண்டாம்.

மற்றவை எல்லாம் குவார்ட்ஸ். வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு துணுக்குக் கல். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று வரும், வினாடி கிடைத்துவிடும். சாதாரணக் கல் மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் தவறும். கரண்ட் போன நேரத்தில் இந்தக் கல்லுக்குச் சோறு போடுவது யார் என்பதில்தான் வித்தியாசம்.

சில சாதனங்களில் சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கும், கரண்ட் இருக்கும்போது கொஞ்சம் சேமித்து வைத்து, போனதும் கொடுக்கும் பாகம். மாற்ற வேண்டியதில்லை, துருப்பிடிக்கத் தகடு இல்லை, கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் சுருதி இறங்கும். 0.1 ஃபேரட் கெப்பாசிட்டர், 10 மைக்ரோஆம்பியர் இழுக்கும் சிப், மூன்று வோல்ட் இறங்கும் வரை தாங்கும் என்றால் 30,000 வினாடி. எட்டு மணி நேரமும் கொஞ்சமும். பராமரிப்பு நாளின் 9 முதல் 5 வரை, நூலிழையில்! சூடு பத்து டிகிரி கூடினால் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று கோடை கழிந்த பிறகு மாலை ஐந்து வரை தாங்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அரை மணி, ஒரு மணி போய் வரும் கரண்டுக்கு இது போதும்.

பட்டன் செல் தாங்குவது வருடக் கணக்கில். கடையில் கேட்டால் கிடைக்கும் சிஆர் 2032 என்பது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 220 மில்லிஆம்பியர் மணி அளவுக்குச் சரக்கு. நேரத்தை மட்டும் காக்கும் தனிக் கடிகார சிப் இழுப்பது ஒரு மைக்ரோஆம்பியர் அளவுதான் என்பதால் செல் தீர்வதற்கு முன் தகடு பூத்துவிடும். டிஎஸ் 3231 என்ற சிப் போட்ட கடிகாரம் என்றால் வருடத்துக்கே ஒரு நிமிடம்தான் தவறும், வெப்பத்துக்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். நீங்களே செய்கிறவர் என்றால் ஒரு எச்சரிக்கை: இந்தச் சிப் பொருத்திச் சந்தையில் கிடைக்கும் நீலச் சர்க்யூட் பலகையில் செல்லைச் சார்ஜ் செய்யும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சார்ஜ் ஏறாத சாதா 2032ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பும். அந்த வழியில் இருக்கும் டையோடை (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) கழற்றிவிட்டுப் போடுங்கள்.

செல் இருக்கிறதே என்று நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிளக் கடிகாரங்கள் பலவற்றில் செல் காப்பாற்றுவது நேரத்தை மட்டும். கரண்ட் இல்லாதபோது எழுத்து எரியாது, அலாரமும் அடிக்காது. மூன்று மணிக்குக் கரண்ட் இல்லை என்றால் மச்சான் அன்றைக்கும் தூங்கித்தான் போவார்.

சிசிடிவி பெட்டியிலும் இதே செல்தான். அது செத்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி 2000க்கோ 1970க்கோ ஓடிவிடும். இணையத்தோடு இணைத்திருந்தால் தானே சரியாகும். இல்லாத பெட்டியில் திருட்டு நடந்த நாளைத் தேட உட்கார்ந்தால் தெரியும் சங்கதி.

வைஃபை கடிகாரம் இப்போது பரவலாகிவிட்டது. இணையத்தில் நேரம் கேட்டுத் தானே வைத்துக்கொள்ளும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், அவர்களின் நேர சர்வரையே கேட்கும்படி பல கடிகாரங்களில் அமைக்கலாம். கரண்ட் வந்ததும் ரூட்டர் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம், அதுவரை கடிகாரம் சும்மா நிற்கும். நல்லவை கோடு காட்டி நிற்கும், மட்டமானவை 12:00 காட்டும். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்தாலும் கேபிள்காரர் பக்கத்தில் கரண்ட் இல்லை என்றால் இணையம் வராது. புயல் நாளில் சொல்லவே வேண்டாம். வீட்டுக் கூடத்துக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான், உள்ளே ஒரு பட்டன் செல்லும் இருந்தால்.

லண்டனிலிருந்து வந்தவர் கொடுத்த 'ரேடியோவில் தானே மணி வைக்கும்' கடிகாரம் ஒன்று கடைக்கு வந்தது. அந்த ஊரின் 60 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் இங்கே எட்டாது. கையால் வைத்துக் கொடுத்துவிட்டேன். ரேடியோ என்றதும் நினைவு வருகிறது: அப்பா இலங்கை வானொலியில் சொல்லும் மணிக்குக் கடிகாரம் வைப்பார். 1996ல் இலங்கை தன் நேரத்தை முன்னே தள்ளியதும் எங்கள் வீட்டில் குழப்பம். அவர்கள் அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது 2006 ஏப்ரல் வரை. இப்போது இரு கரைக்கும் ஒரே மணி.

ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பெருமையாகச் சொல்வேன், ஆனால் வீட்டுக்கு அல்ல. கீழக்கரையில் ஒரு பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரப் பலகை வாங்கும்போது என்னிடம் கேட்டார்கள். அங்கே ஒரு நிமிடம் என்பது விளையாட்டல்ல. நோன்பு திறக்கும் நேரத்தில் மோதினார் பலகையைப் பார்த்துத்தான் பாங்கு சொல்வார். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு வைத்தது, கீழக்கரை 78.8 பாகையில் இருக்கிறது. அதனால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:15க்கு. பலகை இதையெல்லாம் கணக்கிட்டுவிடும், மணி சரியாக இருந்தால். கரண்ட் போய் வந்தாலும் இணையம் இல்லாமலே வானத்திலிருந்து நேரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஜிபிஎஸ் போட்டதையே வாங்கச் சொன்னேன். ஆன்டெனா மாடியில், திறந்த வானம் பார்த்து இருக்க வேண்டும். ஜிபிஎஸ் தன் கணக்கில் உலக நேரத்தைவிட 18 வினாடி முன்னால் ஓடுகிறது. அதைத் திருத்தும் தகவல் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கரண்ட் வந்த முதல் கால் மணி நேரம் பலகை சில வினாடி முந்தினால் பதறாதீர்கள், காக்கா (அங்கே அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), என்று சொல்லிவைத்தேன்.

மச்சானுக்கு என்ன வாங்கிக் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு பென்சில் செல்லில் ஓடும், முள் வைத்த சாதா அலாரம் டைம்பீஸ். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாதம் ஒரு நிமிடம் தவறட்டும், மூன்று மணிக்கு எழுந்திருக்க அது போதாதா? செல் மட்டும் ஆல்கலைன் போடுங்கள், மலிவான செல் சீக்கிரம் ஒழுகும். ஸ்பிரிங்கில் துரு தட்டினால் ரப்பர் தேய்ப்பு. ஒரு குறை உண்டு: தகடு தளர்ந்தால் நின்று நின்று ஓடி, பின்தங்கியதை முகத்தில் காட்டாது. அதற்கு மச்சானிடம் பழைய வைத்தியம் இருக்கிறது, பாலத்தில் ரயில் ஏறும் சத்தம். 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை அந்த மணி இல்லாமல் இருந்தார். இப்போது மறுபடி ஒத்துப் பார்க்கிறார்.

பழைய சிவப்புக் கடிகாரத்தை அக்கா அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். பக்கத்திலேயே மைக்ரோவேவ், போன மாதப் பராமரிப்பு நாளிலிருந்து 12:00 என்று மின்னிக்கொண்டிருக்கிறது. "வச்சுக் குடுக்கட்டாக்கா?" என்று கேட்டேன். "விடுடா, அது பாட்டுக்கு மின்னட்டும். அதுல யாரு மணி பாக்குறா" என்றாள்.