திரைவாசிப்பானோடு பத்து வருட கேப்ட்சா அனுபவம்

நான் பார்வையற்றவன். கணினியில் என்விடிஏ என்ற இலவச திரைவாசிப்பான் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் எல்லா வேலையும். இணையதளங்களில் நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாக்களில் எதைச் சமாளிக்கலாம், எது ஆகாது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் என் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

கோணல்மாணல் எழுத்துப் படம்தான் மிக மோசம். அந்த இடத்துக்கு வந்ததும் என்விடிஏ "கிராஃபிக்" என்று சொல்லி நின்றுவிடும். படத்துக்கு விளக்கம் எழுதி வைத்தால் பாட் (மனிதர் போல நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்) படித்துவிடும் என்பதால் எழுத மாட்டார்கள். அது எனக்குப் புரிகிறது. பக்கத்தில் ஒலிப் பொத்தானாவது வைக்கலாமே? அது இல்லாத ஒரு தேர்வு விண்ணப்பத் தளத்தில், கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திரைக்கு நேரே பிடித்தேன். "கொஞ்சம் இடப்பக்கம்ணா... அது ஓவா சைபரான்னு தெரியலண்ணா" என்றான். இரண்டு முறை தப்பு. மூன்றாவது படம் வருவதற்குள் லாகின் நேரம் முடிந்துவிட்டது.

எழுத்துப் படங்களில் மிகக் கடினமானதைக்கூடத் தங்கள் மென்பொருள் 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று 2014-லேயே கூகுள் சொல்லிவிட்டது. அப்படியானால் அந்தப் படம் தடுப்பது பாட்டையா, என்னையா?

ஒலி கேப்ட்சா பரவாயில்லை. ஆனால் இரைச்சலுக்கு நடுவே அமெரிக்க உச்சரிப்பில் வார்த்தைகள் ஓடும். நாம் டைப் செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் என்விடிஏ உரக்கச் சொல்வதால், அடுத்த வார்த்தை அதில் அமுங்கிப் போகும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) 2-ஐ அழுத்தி அந்த எதிரொலியை நிறுத்தலாம். இது தெரியாமல் நான் இரண்டு வருடம் அவதிப்பட்டேன். புதியவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

2014 இறுதியில் வந்த "நான் ரோபோ அல்ல" கட்டம் பெரிய ஆறுதல். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பல நாள் உள்ளே விட்டுவிடும். சில நாள் சிக்னல் கம்பம் எங்கே என்று படங்களைக் கொட்டும். அப்போது ஒலிப் பொத்தானைத் தேட வேண்டும்.

கேள்வியே கேட்காத வகைதான் இன்று என் முதல் தேர்வு. 2018-ல் வந்த, கூகுளின் கேப்ட்சாவான ரீகேப்ட்சாவின் மூன்றாம் பதிப்பு, நாம் மனிதரா பாட்டா என்று பின்னணியிலேயே 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் போடுகிறது. 2022-ல் வந்த, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டர்ன்ஸ்டைல் என்ற சோதனையும் பெரும்பாலும் நம்மை எதுவும் கேட்பதில்லை. ஓடிபியும் எனக்கு வசதி; எஸ்எம்எஸ்ஸை போனே படித்துவிடும்.

அந்தத் தேர்வுத் தளத்துக்கு ஓடிபி வையுங்கள் என்று இரண்டு மடல் எழுதினேன். பதில் இல்லை. போன மாதமும் அதே ஆறெழுத்துப் படம்தான். இந்த முறை கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை; தம்பி காலேஜ் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து முடித்தேன்.