அகராதியால் அடித்துக்கொள்ளும் இருவர்: ஓர் அனிமேஷன் குறும்படம்

நள்ளிரவில் நூலகத்துக்குள் நுழையும் ஒரு திருடனும் அவனை எதிர்கொள்ளும் வயதான நூலகர் அம்மையாரும் மட்டுமே இந்த ஆறரை நிமிட அனிமேஷன் குறும்படத்தின் பாத்திரங்கள். படம் முழுவதும் ஒரே ஒரு வேடிக்கையான நிபந்தனையை நம்பி நிற்கிறது. சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை தொங்குகிறது. அடித்துக்கொள்ளும் இருவருமே அதற்குக் கட்டுப்படுகிறார்கள். அடிபட்டதும் அலற வேண்டிய திருடன் தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறான். அம்மையார் வீசிய கனத்த அகராதி குறி தவறிப் போகும்போது, அது தரையில் விழுந்து ஓசை எழுப்பிவிடக் கூடாதே என்று பாய்ந்து பிடிப்பவனும் அவன்தான். பிடித்ததை மரியாதையாக அவரிடமே நீட்டி, அதே அகராதியால் மறுபடியும் அடி வாங்குகிறான்.

இதைத் தொழில்முறை சாராத ஒருவர் ஓய்வு நேரத்தில் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைக் கொண்டு தனியாகவே செய்து முடித்திருக்கிறார். அந்த மென்பொருள் 2002இல் திறந்த மூலமாகி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி ஆகிவிட்டதால், இன்று கருவி இல்லை என்று யாரும் குறைப்பட முடியாது; நேரமும் பொறுமையும்தான் கிடைப்பதில்லை. அதன் அடையாளங்கள் திரையில் தெரிகின்றன. விரல்கள் புத்தகத்தைப் பற்றாமல் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மையாரின் கொண்டை களிமண் உருண்டை போல அசையாமல் இருக்கிறது. இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நான்கு நிமிடங்களில் இவருக்குக் கைவந்திருப்பது காலக்கணக்கு. டிஸ்னியின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் எழுதிவைத்த அனிமேஷனின் 12 அடிப்படைகளுள் ஒன்று, எந்தச் செயலுக்கும் முன்னால் அதற்கான ஆயத்தத்தைப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டும் என்பது. குத்துவதற்கு முன் கை பின்னால் போக வேண்டும். நகைச்சுவைக்கும் இதே விதிதான், ஆனால் அதை அறிந்தவர்கள்கூடச் சிரிப்பு வருமோ வராதோ என்ற பதற்றத்தில் அவசரப்பட்டுவிடுவார்கள். இங்கே ஒரு புத்தக அடுக்கு சாயத் தொடங்குகிறது. இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கமாக அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு நொடிகள், அதாவது நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் 48 சட்டகங்கள், எதுவுமே நடப்பதில்லை. முப்பரிமாண உருவத்தை அடியோடு அசையாமல் நிறுத்தினால் அது பொம்மையாகிவிடும். அதனால் திருடனின் முழங்கையில் ஒரு சிறு நடுக்கத்தையும் அம்மையாரின் கண்களில் ஓர் இமைப்பையும் விட்டுவைத்திருக்கிறார். பிறகு அடுக்கை மெல்ல நிமிர்த்துகிறார்கள், தலையசைத்துக்கொள்கிறார்கள், சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நான் மூன்று முறை திரும்பப் பார்த்த இடம் இது.

ஒலியமைப்பும் அந்த அளவுக்குக் கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. இசையே இல்லாத அந்த அறையில் துணி உரசுவதும் தாள் புரள்வதும் மூச்சு வாங்குவதும் நெருக்கமாகக் கேட்பதால், ஒரு பென்சில் உருளும் ஓசைகூட வெடிகுண்டைப் போல அச்சமூட்டுகிறது.

நான்காவது நிமிடம் முடிந்ததும் இருவரும் ஜன்னலை உடைத்துக்கொண்டு தெருவில் விழுகிறார்கள். படமும் அங்கேதான் விழுகிறது. அமைதி காக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டதால் எந்த அடிக்கும் இனி விளைவு இல்லை. அந்த வெற்றிடத்தை வேகத்தால் நிரப்பப் பார்த்திருக்கிறார். முக்கிய நிலைகளை மட்டும் தாம் அமைத்துவிட்டு இடைப்பட்ட அசைவைக் கணினியின் இயல்பான கணக்குக்கே விட்டிருக்கிறார் என்பது என் ஊகம், ஏனெனில் கையும் காலும் ஒரே மெதுவில் கிளம்பி ஒரே மெதுவில் அடங்குகின்றன. உடல்களுக்கு எடையே இல்லை. கால்கள் தரையில் ஊன்றாமல் வழுக்குகின்றன. துரத்தலின்போது கேமரா, ஓடுபவர்களின் பாதை நெடுக வரைந்துகொண்டு ஒரே பக்கம் நிற்க வேண்டிய கற்பனைக் கோட்டைத் தாண்டித் தாண்டிக் குதிப்பதால், இடமிருந்து வலமாக ஓடியவன் அடுத்த வெட்டில் வலமிருந்து இடமாக ஓடுகிறான். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே குழம்பிவிடுகிறது. இவற்றோடு காதைத் துளைக்கும் இசையும் சேர்ந்துகொள்கிறது.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது, அதுவரை பேசாதிருந்தவர்கள் தெருவுக்கு வந்ததும் பேசத் தொடங்குவதுதான். “நூலகத்திலேயே நாம் அமைதியாகச் சண்டை போட்டோமே!” என்று திருடன் சொல்கிறான். நாங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்! உதட்டசைவு குரலோடு பொருந்தவில்லை என்பது இதற்குப் பிறகு சொல்ல வேண்டிய குறை.

கடைசி அரை நிமிடத்தில் அவர்கள் மீண்டும் நூலகத்துக்குள் வந்ததும் ஓசை அடங்கிப் படமும் உயிர் பெறுகிறது. திருடன் எதற்காக வந்தான் என்ற விடையை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. முதல் காட்சியில் அவன் பையை எப்படி அணைத்துப் பிடித்திருக்கிறான் என்பதை மட்டும் கவனித்துவையுங்கள். தெருக் காட்சியை முழுவதுமாக வெட்டி எறிந்தாலும் அந்த முடிவுக்கு ஒரு குறையும் வராது. இவருடைய அடுத்த படத்துக்காக நான் காத்திருப்பேன், ஆனால் அதில் இவர் ஜன்னலை உடைக்கவே கூடாது.