ஒரே ஓட்டமா, கிளைகளா, தலைப்புகளா: குழு உரையாடலை ஒழுங்காக வைக்கும் வழிகள்

இணையக் குழுக்களில் பேச்சு தடம் மாறும்போதெல்லாம் உறுப்பினர்களைக் குறைசொல்லி, விதிகளை நீட்டிக்கொண்டே போவது நிர்வாகிகள் பலரின் வழக்கம். ஆனால், பேசும் இடம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பேச்சின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஆகவே, இடம் தவறி வந்த செய்தியைப் பிறகு உரிய இடத்தில் சேர்க்க முடியுமா என்ற கேள்வியையே இந்த அலசலின் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாச் செய்திகளும் வந்த நேரப்படி ஒரே ஓட்டமாக வரிசையாகின்றன. அறிக்கை ஒன்றைக் கூட்டாகத் திருத்தும் குழுவில் ஒருவர் "மூன்றாம் பக்க அட்டவணையை நீக்கிவிடலாமா?" என்று கேட்கிறார், அடுத்த நிமிடமே இன்னொருவர் "கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாமா?" என்கிறார், அதன்பின் "சரி, அப்படியே செய்துவிடுங்கள்" என்று ஒரு பதில் வருகிறது. எதற்கான ஒப்புதல் இது? மேற்கோளிட்டுப் பதிலளிக்கும் வசதி இந்தக் குழப்பத்தைக் குறைக்கும் என்றாலும், ஒரு பொருள் குறித்த பதில்கள் அனைத்தையும் அது ஓரிடத்தில் திரட்டித் தராது. இடம் தவறிய செய்தியை நிர்வாகி அழிக்கலாம், வேறு குழுவுக்கு முன்னனுப்பலாம். ஆனால் அதைச் சூழ்ந்த பேச்சு பழைய இடத்திலேயே தங்கிவிடும். பத்துப் பேருக்கும் குறைவான, அன்றாடம் பேசிக்கொள்ளும் குழுவுக்கு இதுவே போதும்.

கிளைபிரியும் முறை பழையது. 1980-இல் தொடங்கிய, கணினிவழி விவாதக் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டில் ஒவ்வொரு பதிலும் எந்தச் செய்திக்கானது என்ற குறிப்பைத் தாங்கி வந்ததால், பேச்சை மரவடிவில் அடுக்க முடிந்தது. பேச்சு வேறு பொருளுக்கு நகர்ந்தால், எழுதுபவரே தலைப்பு வரியை மாற்றி, முந்தைய தலைப்பையும் அடைப்புக்குறிக்குள் குறிப்பிடும் நல்ல மரபு அங்கே இருந்தது. இன்று விவாதத் தளமான ரெடிட் இம்முறையைப் பின்பற்றுகிறது. கிளைப்பேச்சு முதன்மைப் பேச்சைக் குலைக்காது என்பது இதன் பெரும் பலம். இருப்பினும், பயனர்கள் இடும் வாக்குகளின்படி வரிசை மாறும்போது தாமதமாக வந்த நல்ல கருத்து அடியில் அமிழ்ந்துவிடுகிறது. குழு என்ன முடிவுக்கு வந்தது என்பதும் கிளைகளுக்குள் மறைந்துபோகிறது. கருத்துகளைத் திரட்ட உதவும் இந்த முறையை முடிவெடுக்கும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணிக்குழுக்களுக்கான உரையாடல் செயலியான ஸ்லாக் 2017-இல் கொண்டுவந்த இழைகள், அதாவது ஒரு செய்திக்கான பதில்களைத் தனியே சேர்த்துவைக்கும் வசதி, நடுவழியாகத் தோன்றும். எனினும், பாதிப் பேர் இழைக்குள்ளும் மீதிப் பேர் பொதுவெளியிலும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பது அங்கே அடிக்கடி நேர்கிறது.

குழு உரையாடலுக்கான ஜூலிப் செயலியில் செய்தியைத் தலைப்பொன்றின் கீழ் எழுதுவதே இயல்பான வழி. உரிமை பெற்றவர், விலகிச் சென்ற செய்திகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் புதிய தலைப்புக்கு நகர்த்தலாம். எங்கே நகர்த்தப்பட்டது என்ற அறிவிப்பைப் பழைய இடத்தில் விட்டுச்செல்லவும் முடியும். "தலைப்புக்குள் பேசுங்கள்" என்று பலர் முன்னிலையில் ஒருவரைக் கண்டிக்க வேண்டிய தேவை இதனால் இல்லாமல் போகிறது. தடம் மாறிய பேச்சு பல சமயம் பயனுள்ள பேச்சாகவே இருப்பதால், அதை அழிக்காமல் தனி இடம் தருவதை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய குழுக்களுக்கு இம்முறையையே தயங்காமல் தேர்வேன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. எழுதும் முன் தலைப்பை யோசிக்க வேண்டியிருப்பதால் புதியவர்கள் தயங்குவார்கள். "உதவி", "சந்தேகம்" போன்ற பொத்தாம்பொதுவான தலைப்புகள் பெருகினால் பயன் கெட்டுவிடும். "மூன்றாம் பக்க அட்டவணையை நீக்குவது" என்பதுபோல், தீர்க்க வேண்டிய விஷயத்தையே தலைப்பாக்க, பேச்சை நெறிப்படுத்தும் மட்டுறுத்துநர் தொடக்க நாட்களில் உடனிருந்து உதவ வேண்டும். செயலியை மாற்ற இயலாத குழுக்கள், முடிவானவற்றை மட்டும் ஒரே செய்தியில் தொகுத்து மேலே நிலைநிறுத்தி, ஒவ்வொரு முடிவுக்குப் பின்னரும் அதைப் புதுப்பித்து வருவது நல்லது.